ஜைத்தூன் மேட்டை விட்டுப் போகாதவர்கள்

“ஜைத்தூன் மேடு காலியாயிடுச்சு சார்... பாதிப் பேர்கூட இல்ல இப்ப.”

மழைக்குப் பயந்து ஓடிவந்து, பலரை ஏற்றிப் போகும் சர்வீஸ் காரின் பின்சீட்டில் ஏறி, முக்காட்டு நுனியைப் பிழிந்துகொண்டிருந்த மைசூனின் கை அப்படியே நின்றது.

பேசியவன் முன்சீட்டில் இருந்தான். காதில் போன். மடியில் ஒரு லேப்டாப் பை. அது நனைந்துவிடக் கூடாதென்று கைக்குழந்தையைப் போல அணைத்துப் பிடித்திருந்தான்.

“ஆமாம் சார், எல்லாம் தர்ஆவுக்குத் திரும்பிப் போனவங்கதான். அந்த மதியப் பள்ளிக்கூடம் இனிமே தேவையில்லன்னு ரிப்போர்ட்ல தெளிவாவே போட்டிருக்கேன். மாசக் கடைசியோட மூடிடலாம்.”

மதியப் பள்ளிக்கூடம்...

எல்லைக்கு அப்பால் சிரியாவில் சண்டை ஓய்ந்து, பதின்மூன்று வருடமாக ஜோர்தானின் இர்பித் நகரில் அகதிகளாக வாழ்ந்தவர்கள் ஊர் திரும்பத் தொடங்கியிருந்த குளிர்காலம் அது. போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். அதற்காக, காலியாமே... பள்ளிக்கூடத்தை மூடணுமாமே...

முன்சீட்டின் முதுகை விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

“ஏங்க... நீங்க காலி பண்ண ஜைத்தூன் மேட்டுலதான் நான் குடியிருக்கேன்.”

அவன் திரும்பினான். மழை வெளிச்சத்தில் தேன் நிறமாகத் தெரிந்த கண்கள். தூங்கி நாலு நாள் ஆனது போல ஒரு சோர்வு. அந்தச் சோர்வுக்குள் திடுக்கென்று ஒரு விழிப்பு. நாலு பேர் நெருக்கி உட்கார்ந்த காரில் ஒரு பெண் தன் முதுகைத் தட்டி நியாயம் கேட்பாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை என்பது அதில் தெரிந்தது.

“எங்க வீட்ல நாலு பேர் இருக்கோம்” என்றாள் மைசூன். “மாடியில ஏழு பேர். எதிர்வீட்ல எட்டுப் பிள்ளைங்க, அதுங்க போடற சத்தத்துல என் காதே போச்சு. எங்கிருந்து பாத்தீங்க காலின்னு?”

“அப்புறம் கூப்பிடறேன் சார்” என்று அவன் போனை வைத்தான். “பாருங்க... ஒரு வீடு, ரெண்டு வீட்டைப் பத்தி நான் பேசல. மொத்தப் போக்கைப் பத்திப் பேசறேன். பதினோரு மாச டேட்டா இருக்கு. எத்தனை போன் எந்த டவர்ல ராத்திரி தங்குது, எது எப்ப அணைஞ்சுது, எல்லாம் வரும். கோடிக்கணக்குல பதிவு.”

“என் போனுமா வரும்?” என்று டிரைவர் கவலையோடு கேட்டார். “வெள்ளிக்கிழமை நான் எங்க இருந்தேன்னு என் பொண்டாட்டிக்குத் தெரியக் கூடாது தம்பி.”

“பேர், நம்பர் எதுவும் வராதுங்க. வெறும் புள்ளிதான்.”

“ஓஹோ” என்றாள் மைசூன். “அப்ப நான் பெரும்புள்ளியா, சின்னப் புள்ளியா?”

காரில் எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் கீரைக்கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் கீரை சிதறியது. அவனுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. காது மடல் சிவந்துபோயிருந்தது.

“இங்க நிறுத்துங்க” என்று மைசூன் இறங்கினாள். கதவைப் பிடித்துக்கொண்டே குனிந்து சொன்னாள்: “பன்னெண்டரைக்கு பெல் அடிப்போம். ஒரு நாளைக்கு வந்து எண்ணிப் பாருங்க.”

“எண்ணறதுதாங்க என் தொழிலே.”

“அப்பன்னா கஷ்டமா இருக்காது.”

கதவைச் சாத்திவிட்டு மழைக்குள் நடந்தாள். பத்தடி போன பிறகுதான் உறைத்தது. ஊர் பேர் தெரியாத ஆம்பளை. என்ன வாய் உனக்கு மைசூன்...

*

மூன்றாம் நாள் அவன் வந்து நின்றான்.

அன்றும் மழை. காலையில் ஜோர்தானியப் பிள்ளைகள் படித்துவிட்டுப் போன வகுப்புகளுக்குள், மதியம் சிரியாப் பிள்ளைகள் நுழையும் நேரம். கேட்டின் ஓரமாக நின்று அவன் உண்மையாகவே எண்ணிக்கொண்டிருந்தான். ஒரு பயல் அவன் காலுக்கு நடுவே புகுந்து ஓடினான். இரண்டு சிறுமிகள் அவனைத் தூணாக நினைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பிடித்து விளையாடினார்கள். உதடு முணுமுணுக்க அவன் எண்ணிக்கொண்டே இருந்தான்.

“எவ்வளவு வந்துச்சு?” என்று கேட்டபடி மைசூன் போனாள்.

“முந்நூத்தி எண்பது... எண்பத்தி எட்டு. ஒருத்தன் ரெண்டு தடவை வந்தான்னு சந்தேகம்.”

“பதிவேட்டுல நானூத்திப் பன்னெண்டு. மழைன்னு சில பேர் வரல.”

அவன் கேட்டின் பக்கம் திரும்பிப் பார்த்தான். தலைமுடியிலிருந்து நீர் சொட்டியது. பாவமாகத்தான் இருந்தது. தலைமை ஆசிரியை ரஸ்மிய்யா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, “அந்தப் பிள்ளையை உள்ள கூப்பிடு, நிமோனியா வந்து நம்ம பேர்ல எழுதிடப் போறான்” என்றார்.

கற்பூரவள்ளி போல மணக்கும் மரமிய்யா இலை போட்ட தேநீரைச் சூடாகக் குடித்த பிறகு அவனுக்குப் பேச்சு வந்தது. பெயர் குதைபா. இர்பித்காரன். மக்கள் இடம்பெயர்வதை ஆராயும் மையத்தில் வேலை. பெருந்தரவை அலசி, எங்கே கூட்டம் சேர்கிறது, எங்கே கரைகிறது என்று அவர்கள் சொன்னால், தண்ணீர் லாரி எங்கே போக வேண்டும், மருந்தகம் எங்கே திறக்க வேண்டும், எந்தப் பள்ளியை மூட வேண்டும் என்று மேலே முடிவெடுப்பார்கள்.

“ஒரு லைன் முப்பது நாள் அணைஞ்சே இருந்தா, அந்தக் குடும்பம் போயிடுச்சுன்னு எடுத்துக்குவோம். குடும்பத்துக்கு அஞ்சு பேர். இதுதான் கணக்கு. மத்த இடங்கள்ல சரியா வந்துச்சு மிஸ்.”

மைசூன் அவனையே பார்த்தாள். இவளும் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தவள். சிரியாக்காரி என்பதால் இங்கே உதவி ஆசிரியை வேலைதான். கணக்கு எங்கே உடைகிறது என்று அவளுக்குப் பளிச்சென்று தெரிந்தது.

“எங்க வீட்ல லைன் யார் பேர்ல இருக்கும்னு நினைக்கறீங்க?”

“வீட்டுத் தலைவர் பேர்ல...”

“வாப்பா பேர்ல. வாப்பா கையில. அவர் டிசம்பர்லயே தர்ஆ போனார், இடிஞ்ச வீட்டுக்குக் கூரை போட. எங்களை ஏன் கூட்டிட்டுப் போகலன்னா, போய்ட்டா திரும்பி வர முடியாது. தம்பிங்க ரெண்டு பேருக்கும் ஜூன்ல பரீட்சை. சான்றிதழ் இல்லாம அங்க எந்த வகுப்புல சேப்பாங்க? இந்த மேட்டுல முக்கால்வாசி வீட்ல இதே கதைதான். ஆம்பளை போயிட்டார், போனும் போயிடுச்சு. பொம்பளையும் பிள்ளைங்களும் மாடிவீட்டு வைஃபையில ஓட்டிட்டிருக்கோம்.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “ஒருத்தர் போனா நீங்க அஞ்சு பேரைக் கழிச்சிருக்கீங்க.”

அவன் தேநீர்க் கோப்பையை மேசைமேல் வைத்தான்... எடுத்தான்... மறுபடி வைத்தான். தப்பு என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. அதை வாயால் சொல்லத்தான் வரவில்லை.

“ரிப்போர்ட் மேல போயாச்சு” என்றான் கடைசியில். “ஒரு ஸ்கூலை வச்சு மாத்த முடியாது.”

“ஒரு ஸ்கூலை வச்சுத்தான மூடப் போறீங்க?”

அவன் எழுந்து, ரஸ்மிய்யாவுக்கு மட்டும் நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

திமிர் பிடிச்சவன், என்று நினைத்துக்கொண்டாள் மைசூன். பிறகு, அவன் வைத்துவிட்டுப் போன கோப்பையைக் கழுவும்போது, அந்தச் சோர்ந்த கண்கள் ஏனோ நினைவுக்கு வந்தன. சோப்பை இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாள்.

*

திமிர் பிடித்தவன் சனிக்கிழமை திரும்பி வந்தான். கையில் ஒரு அட்டை, அதில் அச்சடித்த கேள்வித்தாள்கள்.

“மேட்டுல எண்பது வீடு பொறுக்கி எடுத்திருக்கேன். சீட்டுக் குலுக்கித்தான், நம்ம இஷ்டத்துக்கு இல்ல. ஒவ்வொண்ணுலயும் கேக்கணும். நான் தனியா போய்க் கதவைத் தட்டினா ஆம்பளை இல்லாத வீட்ல திறக்க மாட்டாங்க...” என்று இழுத்தான்.

“அதனால?”

“அதனால... நீங்க...”

“கேளுங்க. வாயைத் திறந்து முழுசாக் கேளுங்க. எண்ணிக்கை எதுவும் குறையாது.”

“உதவி பண்ணுவீங்களா மிஸ் மைசூன்?”

அந்தப் பெயரை அவன் முதல் தடவையாகச் சொன்னான். மெதுவாக, உடைந்துவிடுமோ என்பதுபோல. அவளுக்குக் கழுத்தில் ஏதோ சூடேறியது.

ரஸ்மிய்யா துணைக்கு வர, மூன்று சனிக்கிழமைகள் மேட்டைச் சுற்றினார்கள். ஈரம் கசியும் படிக்கட்டுகள். கதவைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் மண்ணெண்ணெய் அடுப்பு வாடை. ஒவ்வொரு வீட்டிலும் அதே பதில், வெவ்வேறு குரலில். “அவுக போயிருக்காக, கதவு ஜன்னல் வைக்க.” “மச்சான் முன்னாடி போயிருக்கார், கிணறு தூர்வார.” நிஜமாகவே பூட்டிக் கிடந்த வீடுகளும் இருந்தன. பதினேழு வீடுகள். அவற்றைக் குதைபா மறைக்காமல் எழுதிக்கொண்டான். பக்கத்து வீட்டில் விசாரித்து, எந்தத் தேதியில் போனார்கள் என்றும் எழுதினான்.

“அதை ஏன் எழுதறீங்க? அது உங்க பக்கத்து சாட்சி ஆச்சே” என்றாள் மைசூன் குறும்பாக.

“எனக்குன்னு ஒரு பக்கம் இல்லங்க. இருந்தது, அது அன்னைக்கு உங்க கேட்டுல நனைஞ்சு போச்சு.”

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் காகிதத்தில் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தான். ஆனால் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு... அட, இவனுக்குச் சிரிக்கத் தெரியுமா.

கடைசி வீடு அவளுடையது. சீட்டில் விழுந்திருந்தது என்று சத்தியம் செய்தான். மைசூனின் உம்மா அவனை உட்காரவைத்து, ஸாத்தர் மூலிகைப் பொடி தடவிச் சுட்ட ரொட்டியை ஒன்று, இரண்டு, மூன்று என்று தட்டில் போட்டுக்கொண்டே இருந்தார். அவன், சொந்தச் சின்னம்மாவை அழைப்பதுபோல, போதும் காலா, போதும் காலா என்று சொல்லிக்கொண்டே மூன்றையும் தின்றான். தம்பிகள் இருவரும் லேப்டாப்பில் கார் விளையாட்டு இருக்கிறதா என்று விசாரித்தார்கள்.

அவன் போன பிறகு உம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டார்:

“பையன் ஒபைதாத் வீட்டுப் பிள்ளையா?”

“ஆமா.”

“நம்ம ஊர்ப்பக்கத்து ஹவ்ரான் பேச்சுதான் பேசறான்.”

“ம்.”

“கண்ணு மட்டும் கேள்வித்தாள்ல இல்ல.”

“உம்மா...”

“நான் ஒண்ணும் சொல்லலம்மா. ஜூன்ல ஊருக்குப் போறோம், அதை மட்டும் ஞாபகம் வச்சுக்க. போனா போனதுதான். எல்லைக்காரன் முத்திரை குத்தினா திரும்பி வர வழியில்ல.”

மைசூன் ஜன்னலை மூடப் போவதுபோல எழுந்து போனாள்.

*

அடுத்த புதன்கிழமை பள்ளிக்குக் கடிதம் வந்தது. மாதக் கடைசியோடு மதிய வகுப்புகள் நிறுத்தப்படுகின்றன. இருக்கிற சில பிள்ளைகள் நகரத்தின் மறுகோடியில் உள்ள பள்ளியில் சேர்ந்துகொள்ளலாம்.

இருக்கிற சில பிள்ளைகள்.

மைசூன் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். எண்பது வீடு... மூன்று சனிக்கிழமை... எல்லாம் எதற்கு? பள்ளிக்கூடப் போனிலிருந்து அவனுக்கு ஒரு கால் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் நேராக அவனுடைய மையத்துக்கே போய்விட்டாள்.

வராந்தாவில், இரண்டு பெரிய மனிதர்களோடு நின்று பேசிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் முகம் வெளுத்தது.

“கடுதாசி வந்துடுச்சு” என்றாள். “எங்க வீட்டுப் படியேறி, எங்க ரொட்டியைத் தின்னு, எங்க வாயால எல்லாத்தையும் கேட்டு எழுதிட்டு வந்தீங்களே. எங்க போட்டீங்க அந்தக் காகிதத்தை?”

பெரிய மனிதர்களில் ஒருவர் புருவத்தை உயர்த்தினார். குதைபா அவள் பக்கம் ஓரடி வந்தான்.

“மூணு நாள் குடுங்க” என்றான், மிகவும் தணிந்து.

“எதுக்கு? தப்புப் பண்ணிட்டேன்னு சொல்ல உங்களுக்கு மூணு நாள் வேணுமா? எங்க ரெண்டாம் கிளாஸ் பிள்ளைங்க ஒரு நிமிஷத்துல சொல்லும்.”

திரும்பி நடந்தாள். தெருமுனை தாண்டும்வரை அழவில்லை. பிறகு பஸ் நிறுத்தத்தில் முக்காட்டு நுனியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பள்ளிக்கூடத்துக்காகத்தான் அழுகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முழுக்க அதற்காக இல்லை என்று தெரிந்தபோது, இன்னும் அழுகை வந்தது.

வாரத்தின் முதல் வேலைநாளான ஞாயிற்றுக்கிழமை, ரஸ்மிய்யா தலைநகர் அம்மானிலிருந்து திரும்பினார். பள்ளிகளை மூடுவது பற்றி மேலிடத்தில் நடந்த கூட்டத்துக்குத் தலைமை ஆசிரியைகளையும் கூப்பிட்டிருந்தார்களாம். கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் மைசூனைத் தேடி வகுப்புக்கே வந்தார்.

“உக்காரு. உக்காந்து கேளு. உன் பையன் என்ன பண்ணினான் தெரியுமா?”

“என் பையனா? எனக்கு யாரும்...”

“சும்மா இரு. பெரிய ஹால். மேலிடத்து ஆளுங்க அத்தனை பேரும் முன்வரிசையில. அவனோட மேலதிகாரி எழுந்து அந்தப் பழைய ரிப்போர்ட்டைப் பத்தி ஆஹா ஓஹோன்னு பேசறார். இவன் எழுந்து மைக்கை வாங்கினான். ‘இந்த ரிப்போர்ட்டை எழுதினவன் நான். இது தப்பு’ன்னான். ஊசி விழுந்தா கேக்கும், அப்படி ஒரு அமைதி. அப்புறம் எண்பது வீட்டையும் போட்டுக் காட்டினான். இன்னும் அஞ்சு பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டையும் எங்கேயோ போய் வாங்கி வந்திருக்கான். நாலு லைன் அணைஞ்சா ஒரு குடும்பம்தான் முழுசாப் போயிருக்கு, மத்த மூணுல பொம்பளைங்களும் பிள்ளைங்களும் இங்கதான் இருக்காங்க, பரீட்சை வரைக்கும் இருப்பாங்கன்னு சொன்னான். ‘எனக்கு இதைச் சொல்லிக் குடுத்தது ஒரு உதவி ஆசிரியை’ன்னு சொன்னான். பேரைச் சொல்லல. நான்தான் மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்.”

மைசூன் கையிலிருந்த சாக்பீஸ் இரண்டாக உடைந்தது.

“உத்தரவை நிறுத்திட்டாங்க. நம்மளோட சேத்து ஆறு பள்ளிக்கூடம். ஜூன் வரைக்கும் நடக்கும்.” ரஸ்மிய்யா குரலைத் தாழ்த்தினார். “ஜெனீவாவுல ஒரு மாநாட்டுல அந்த ரிப்போர்ட்டை வாசிக்க அவன் போறதா இருந்துச்சாம். இப்ப வேற ஒருத்தனை அனுப்பறாங்க. வராந்தாவுல நீ அவனைத் திட்டினப்போ பக்கத்துல நின்னவங்க, ‘கூட்டத்துல வாயைத் திறக்காத, உனக்கு நல்லதில்ல’ன்னு சொல்லிட்டிருந்தாங்களாம்.”

*

மன்னிப்புக் கேட்பதற்கு மைசூன் நாலு வாக்கியம் தயார் செய்துகொண்டு போனாள். மையத்துக்கு வெளியே, பாதாம் மரம் பூத்திருந்த நடைபாதையில் அவனைப் பார்த்ததும் நாலும் மறந்துபோயின.

“நான் அன்னைக்கு...” என்றாள்.

“நீங்க சொன்னது சரிதான். ரெண்டாம் கிளாஸ் பிள்ளைங்க ஒரு நிமிஷத்துல சொல்லும். எனக்குத்தான் ஒரு மாசம் ஆச்சு.”

“ஜெனீவா போச்சாமே.”

“அங்கேயும் மழைதானாம்.”

சிரித்துவிட்டாள். சிரித்ததும் கண் நிறைந்தது. அவன் சட்டென்று வேறு பக்கம் பார்த்தான், அவள் துடைத்துக்கொள்ளட்டும் என்று. அந்தப் பார்வையைத் திருப்பிக்கொண்ட மரியாதை இருக்கிறதே... அதில்தான் அவள் முழுசாக விழுந்தாள்.

அதன் பிறகு மார்ச், ஏப்ரல், மே. அவன் மாதம் ஒரு முறை வருகையை எண்ணுவதற்கென்று வந்தான். பிறகு வாரம் ஒரு முறை. “எண்ணிக்கை அவ்வளவு சீக்கிரம் மாறுதா?” என்று ரஸ்மிய்யா கேட்டார். “மாறாம இருக்கான்னு பாக்கணும் மேடம்” என்றான். தம்பிகளுக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்தான். மைசூனோடு மாணவர் முன்னால் கணக்கில் சண்டை போட்டான். தோற்றான். தோற்பது அவனுக்குப் பிடித்துப்போயிருந்தது.

சொல்ல வேண்டியதை மட்டும் இருவருமே சொல்லவில்லை.

மே மாதக் கடைசியில் வாப்பாவின் குரல் மாடிவீட்டு வைஃபை வழியே வந்தது. “ரெண்டு ரூம் ஆயிடுச்சு மைசூன். தெருக்கதவு வச்சுட்டேன். பச்சைப் பெயின்ட். சான்றிதழ் கைக்கு வந்த மறுநாளே கிளம்பிடுங்க.” அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு உம்மா தரையில் உட்கார்ந்து அழுதார். மைசூனும் அழுதாள். பதின்மூன்று வயதில் விட்டுவந்த ஊர். அது வேண்டாம் என்று எந்த மனசு சொல்லும்?

குதைபாவிடம் தேதியைச் சொன்னாள்.

“ரொம்ப சந்தோஷம்” என்றான் அவன். “காலாவுக்கு... வாப்பாவுக்கு... ரொம்ப சந்தோஷமா இருக்கும்.”

அவள் காத்திருந்தாள். அவன் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டு நின்றான்.

“வேற ஒண்ணும் இல்லையா?” என்று கேட்டே விட்டாள்.

“வெயில் அதிகமா இருக்கும். தண்ணி நிறைய எடுத்துட்டுப் போங்க.”

தண்ணீராம். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அகதிப் பெண் என்று யோசிக்கிறானோ? ஒபைதாத் வீட்டில் சிரியாக்காரி எதற்கு என்று அவன் உம்மா சொல்லியிருப்பாரோ? சரி, போகட்டும். இவள் வாயால் கேட்க முடியாது. கேட்க மாட்டாள்.

ஜூன் பதினெட்டாம் தேதி, சான்றிதழ்களை உள்பாவாடைப் பையில் வைத்துத் தைத்துக்கொண்டு, மூட்டைகளோடு பஸ் ஏறினார்கள். வழியனுப்ப அவனும் வந்திருந்தான். மூட்டைகளைத் தூக்கிக் கூரையில் கட்டினான். கட்டிய முடிச்சையே மறுபடி மறுபடி இறுக்கினான். பஸ் நகர்ந்தது.

*

தர்ஆவில், பாதிச் சுவர் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் மைசூனுக்கு வேலை கிடைத்தது. இங்கே உதவி ஆசிரியை இல்லை. ஆசிரியை. கோடை விடுமுறையிலும் பிள்ளைகள் வந்தார்கள், விட்டுப்போன பாடம் படிக்க. பலகைக்குப் பதில் சுவரில் கரும்பெயின்ட் அடித்து எழுதினாள். பகலெல்லாம் பொழுது போயிற்று. ஆனால் யாராவது ‘எத்தனை பேர் வந்திருக்கீங்க’ என்று கேட்டால் நெஞ்சில் ஒரு இடம் வலித்தது.

ஆகஸ்டு முதல் வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்த நேரம், வீட்டுக்கு முன்னால் ஜோர்தான் நம்பர் போட்ட கார் ஒன்று வந்து நின்றது. தம்பிகள் இருவரும் கத்திக்கொண்டு ஓடினார்கள். “அல்ஜீப்ரா அண்ணன்... அல்ஜீப்ரா அண்ணன் வந்திருக்கார்.”

மாவு பிசைந்த கையோடு மைசூன் அடுப்படிக் கதவில் ஒட்டிக்கொண்டாள்.

குதைபா இறங்கினான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பின்னால் அவன் உம்மாவும், தாய்மாமனும். வாப்பா சிமென்ட் கையை அவசரமாகக் கழுவிக்கொண்டு வந்து அவர்களை உட்காரவைத்தார். உறவு விசாரிப்பு, ஊர் விசாரிப்பு. அவன் உம்மாவின் தாயாதியில் ஒரு கிளை தர்ஆவிலேயே இருக்கிறது என்று தெரிந்தது. மைசூன் கை கழுவி, முக்காட்டைச் சரிசெய்து, ஏலக்காய் போட்ட காப்பியைத் தட்டில் எடுத்து வந்தாள். அவன் நிமிரவே இல்லை.

தாய்மாமன் கோப்பையை எடுத்தார். குடிக்கவில்லை. தன் முன்னால் கீழே வைத்தார்.

வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பெண் கேட்டு வருகிறவர், கேட்டது கிடைக்கும்வரை அந்த வீட்டுக் காப்பியைத் தொடுவதில்லை.

“உங்க மகள் மைசூனை, எங்க பிள்ளை குதைபாவுக்குக் கேட்டு வந்திருக்கோம்” என்றார் அவர்.

வாப்பா புதுக் கூரையை ஒரு முறை அண்ணாந்து பார்த்தார். பிறகு சொன்னார்: “பிள்ளையைப் பத்தி இவங்க உம்மா சொல்லியிருக்கா. குறை சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா பதிமூணு வருஷம் கழிச்சு இப்பதான் என் பிள்ளைங்களை ஒரு கூரைக்குக் கீழ சேத்திருக்கேன். மறுபடி ஒருத்தியை எல்லை தாண்டி அனுப்பச் சொல்றீங்களா?”

“இல்ல மாமா” என்றான் குதைபா. அவன் குரல் முதல் தடவையாகக் கேட்டது. “நான் இங்க வந்துட்டேன். இந்தப் பக்கம் ஆள் திரும்பி வர்ற தெரு எது, தண்ணி இல்லாத தெரு எது, எந்தப் பள்ளிக்கூடத்துக்கு முதல்ல கூரை போடணும்னு கணக்கெடுக்க ஒரு வேலை இருக்கு. நானே கேட்டு வாங்கினேன். கடைவீதிக்குப் பின்னால வீடும் பாத்துட்டேன். இந்தத் தடவை போனை மட்டும் நம்பப் போறதில்ல, கதவையும் தட்டப் போறேன்.” அவன் நிறுத்தினான். “நீங்க அனுமதிச்சா... அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கணும். எல்லாரும் கேட்டு அவங்க தலையாட்டினா போதாது எனக்கு.”

வாப்பா முற்றத்தைக் கையால் காட்டினார். கண்ணுக்குத் தெரிகிற தூரம்.

இரண்டு செங்கல் குவியலுக்கு நடுவே நின்றார்கள்.

“தண்ணி நிறைய எடுத்துட்டுத்தான் வந்தோம்” என்றாள் மைசூன்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். “அன்னைக்கு வேற வார்த்தை வரல. போகாதீங்கன்னு சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கு? பதிமூணு வருஷமா காத்திருந்து கிடைச்ச ஊரு உங்களுக்கு. நான் ஆசையைச் சொல்லி, நீங்க ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தாக்கூட, காலம் பூரா அது என்னை உறுத்தியிருக்கும். அதான் நீங்க வந்து சேந்தப்புறம் வந்தேன்.”

“நான் என்ன நினைச்சேன் தெரியுமா? அகதிப் பொண்ணுன்னு...”

“மைசூன்.” மிஸ் இல்லாமல், வேறு எதுவும் இல்லாமல். “எனக்கு உங்களைப் பிடிக்கும்னு சொன்னா அது ரொம்பக் கம்மி. அதுக்கு மேல சொல்ல எனக்குத் தெரியல. அந்தக் கேட்டுல நனைஞ்சுட்டு நின்னப்பவே, எண்ணறதை நிறுத்திட்டு உங்க பக்கம் பாத்துட்டேன். நடுவுல எத்தனை பிள்ளைங்க உள்ள போச்சோ தெரியாது. அன்னைக்கு நான் சொன்ன நம்பர்கூட உத்தேசம்தான்.”

அவள் கீழே பார்த்துக்கொண்டு, செருப்பு நுனியால் ஒரு கல்லை நகர்த்தினாள்.

“பஸ் கிளம்பினப்போ ஜன்னலைத் திறந்தே வச்சிருந்தேன்” என்றாள். “எல்லை வர்ற வரைக்கும். நீங்க கார்ல பின்னாடியே வந்து கூப்பிட்டா காதுல விழணுமேன்னு. தூசி அடிச்சு எல்லார் முகமும் வெள்ளையாயிடுச்சு. உம்மா திட்டினாங்க, தம்பிங்க திட்டினாங்க. நான் மூடல.”

“கூப்பிட்டிருந்தா?”

“இறங்கியிருக்க மாட்டேன்.” நிமிர்ந்தாள். அந்தத் தேன் நிறக் கண்கள் இப்போது சோர்வில்லாமல் அவளையே பார்த்தன. “ஆனா உங்களுக்காகத்தான் திறந்து வச்சேன்னு அன்னைக்கே சொல்லியிருப்பேன். எனக்கும் ரொம்பக் கம்மியா ஒரு வார்த்தைதான் தெரியும். பிடிச்சிருக்கு.”

உள்ளே எல்லோரும், எதையும் பார்க்காதவர்கள் போல, புதுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைசூன் வாசலில் வந்து நின்றாள். வாப்பா அவள் முகத்தைப் பார்த்தார். அவள் தாய்மாமனின் முன்னால் தொடாமல் இருந்த கோப்பையைப் பார்த்தாள்.

“காப்பி ஆறுது வாப்பா” என்றாள். “குடிக்கச் சொல்லுங்க.”